பதினெட்டு முடிந்த மறுநாள்

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் ஜொகூர் பாரு பக்கம் ஏதாவது ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போன் போட்டு, மதியச் சாப்பாடு கொடுக்க நாள் கேட்டுப் பாருங்கள். கிடைப்பது கஷ்டம். ஒரு நாளைக் கம்பெனி எடுத்திருக்கும், ஒரு நாளைக் கோவில் மகளிர் பிரிவு எடுத்திருக்கும், இன்னொரு நாளைப் பேரனுக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம் எடுத்திருக்கும். பிரியாணி, கேக், பலூன், பள்ளிப்பை, புதுத்துணி என்று எல்லாம் வந்து இறங்கும். நம் மக்களுக்குக் கொடுக்கிற மனசு இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே இல்லத்துக்கு, ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் பரீட்சை முடிந்த வாரத்தில் போகிறவர்கள் குறைவு. அந்த வாரத்தில் அங்கே ஒரு பையனோ பெண்ணோ துணிமணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். வயது பதினெட்டு. ஏழு வயதிலோ ஒன்பது வயதிலோ வந்து சேர்ந்த இடம் அது. பத்து வருஷமாக நாம் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறோம், தோளில் கை போட்டுப் படம் எடுத்திருக்கிறோம். வெளியே போகிற அன்றைக்கு நம்மில் ஒருவருடைய போன் நம்பர் கூட அந்தப் பிள்ளையிடம் இருக்காது.

நானும் என் மனைவியும் ஜொகூர் பாருவில் தம்போயில் இருக்கிறோம். நண்பர்கள் சிலரும் நாங்களுமாக, இல்லங்களை விட்டு வெளியே வரும் இளையோருடன் சில வருஷமாகத் தொடர்பில் இருக்கிறோம். சங்கம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கீழே வருகிற பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் பெயரும் இல்லமும் சொல்லவில்லை, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடப்பு மட்டும் மாறவில்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இல்லாத பிள்ளையை, அல்லது பெற்றோரிடம் விட முடியாத பிள்ளையை, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி நீதிமன்றம் ஒரு பாதுகாப்பான இடத்திலோ வளர்ப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்கலாம். அந்த உத்தரவு பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். நம் நாட்டில் வளர்ப்புக் குடும்பங்கள் குறைவு, பிள்ளைகள் பெரும்பாலும் இல்லங்களில்தான் வளர்கிறார்கள். சமூக நல இலாகா தானே நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, சங்கங்களும் தேவாலயங்களும் தனிமனிதர்களும் நடத்தும் இல்லங்களும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் அதிகமாக இந்த இரண்டாவது வகை இல்லங்களில் வளர்ந்தவர்கள். நல்ல மனசுள்ள இல்லத் தலைவர்கள் பதினெட்டுக்குப் பிறகும் பிள்ளையை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வாசலில் அடுத்த ஏழு வயதுப் பிள்ளை காத்திருக்கும்போது அவர்களால் எத்தனை பேரை வைத்துக்கொள்ள முடியும்?

இதில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமல் புதுமுக வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு வருஷம் கூடிவிடுகிறது. மற்றவர்கள் பதினேழில் எழுதும் எஸ்பிஎம்மை இந்தப் பிள்ளை பதினெட்டில் எழுதும். அதாவது, பரீட்சைக்கு உட்காரும் முன்பே சட்டத்தின் கண்ணில் பெரிய மனுஷனாகிவிடும். பிப்ரவரியில் பிறந்தநாள், வருஷக் கடைசியில் பரீட்சை என்றால், நடுவில் இருக்கும் மாதங்கள் முழுக்க இல்லத் தலைவரின் தயவில் ஓட வேண்டும். பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் தான் தயவில் இருக்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த நினைப்போடு கணிதப் புத்தகத்தை விரிப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பதினெட்டில் ஒரு பையனுக்கு அம்மா சட்டை தேய்த்துக் கொடுக்கிறாள். இருபத்துமூன்றில் அப்பா கார் முன்பணம் கட்டுகிறார். இருபத்தெட்டில் கல்யாணம், அதற்குப் பிறகு பேரப்பிள்ளைக்குக் காவல். நம் சமூகத்தில் பிள்ளையைக் கைவிடும் வயது என்று ஒன்று கிடையவே கிடையாது. சொந்தம் இல்லாத பிள்ளைக்கு மட்டும் பதினெட்டில் எல்லை போட்டுவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எஸ்பிஎம் முடித்த பையனுக்குத் தம்போய் தொழிற்பேட்டையிலோ பாசிர் கூடாங்கிலோ கிடைக்கும் முதல் வேலையின் அடிப்படைச் சம்பளம் அதை ஒட்டித்தான் இருக்கும். ஊழியர் சேமநிதிக்கு (இபிஎஃப்) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும். சொக்சோ, வேலைக் காப்புறுதி என்று இன்னும் கொஞ்சம். கையில் ஏறக்குறைய 1,500 வெள்ளி. இப்போது வீட்டுக்கு வாருங்கள். மூன்று பேர் சேர்ந்து மாதம் 1,200 வெள்ளிக்கு ஒரு பிளாட் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வழக்கம் உங்களுக்குத் தெரியும்: இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை. மொத்தம் 4,200 வெள்ளி. சாவி கைக்கு வரும் முன்பே ஆளுக்கு 1,400. முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை சாப்பாடு? வேலைக்குப் போக மோட்டார்? இந்த ஊரில் மோட்டார் இல்லாமல் ஷிப்டு வேலைக்குப் போய்வருவது எவ்வளவு பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜொகூர் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், சம்பாதித்து வருகிறவர்களோடு போட்டி போட்டுத்தான் இந்தப் பிள்ளைகள் இங்கே வாடகைக்கு இடம் தேட வேண்டும்.

பணம் பெரிய விஷயம்தான். ஆனால் நான் பார்த்த வரையில் பிள்ளைகள் விழுகிற இடம் அது மட்டும் இல்லை. வேலை விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் வரும்: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, உறவுமுறை என்ன, போன் நம்பர் என்ன. ஒரு தம்பி அதைக் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறான். மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி, "இதை எழுதாம எடுத்துக்க முடியாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. பையன் வெளியே வந்து எனக்குப் போன் பண்ணினான். "அங்கிள், உங்க பேர போடலாமா? உறவுமுறைன்னு கேட்டிருக்கு, என்ன போடுறது?" மாமா என்று போடச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் "அங்கிள்" என்பதை விட்டுவிட்டு "மாமா" என்றுதான் கூப்பிடுகிறான்.

ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் வருவார்கள்? முதலாளி சம்பளம் தராமல் இழுத்தடித்தால் யாரிடம் சொல்வது? போலீஸ் ரோட்டில் நிறுத்தி நிலையத்துக்கு அழைத்துப் போனால் எந்த நம்பரை அழுத்துவது? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் நம்முடையதாக இல்லாவிட்டால் வேறு யாருடையதாகவோ இருக்கும், இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த வேறு யார் என்பதும் நமக்குத் தெரியும். கேங்கில் இருக்கும் "அண்ணே" ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுப்பார். தங்க இடம் தருவார், மோட்டார் தருவார், பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பார். நம் பையன்கள் கெட்டுப் போகிறார்கள் என்று மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவர்களைத் தேடி அந்த அண்ணன் நமக்கு முன்னால் போய்ச் சேருகிறார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது புதிதாக இன்னொரு வலையும் வந்திருக்கிறது. "உன் பேங்க் கார்டைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று பதினெட்டு முடிந்த பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். கடைசியில் போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரை. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். கார்டைக் கொடுத்தாலே குற்றம். வாழ்க்கையில் முதல் முதலாகப் பேங்க் கணக்கு திறந்த பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தருவது? வீட்டில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டே சொல்லுவார். இல்லத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வார்டன். வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்று டெலிகிராமில் வரும் வேலை விளம்பரத்துக்கும் இதே கதைதான். கம்போடியா, மியன்மார் மோசடிக் கூடாரங்களில் நம் நாட்டு இளைஞர்கள் மாட்டி மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

சரி, கூட நிற்பது என்றால் நடைமுறையில் என்ன? என் அனுபவத்தில் முதல் வேலை காகித வேலை. யாரும் ஆசையாகச் செய்யும் வேலை இல்லை, ஆனால் இதைவிட உபயோகமான வேலை வேறு இல்லை. பிள்ளைக்குப் பதினாறு ஆகும்போதே ஒரு கோப்பு தொடங்கிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழின் அசல், அடையாள அட்டை, நீதிமன்ற உத்தரவு அல்லது இலாகா கடிதத்தின் நகல், பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவக் குறிப்புகள். அந்த அடையாள அட்டையை, அதாவது மைகார்டை, பதினெட்டில் புதுப் படத்தோடு மாற்ற வேண்டும், அதையும் கூடப் போய் முடித்துவிடலாம். அந்தக் கோப்பில் படங்களையும் வையுங்கள் என்பேன். சின்ன வயசுப் படம் ஒன்று கூட இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து வருஷமாக வந்துபோன கொடையாளிகளின் பேஸ்புக்கில் அந்தப் பிள்ளையின் முகம் கிடக்கும், அவனிடம் இருக்காது. நாங்கள் சிலருக்கு அப்படித் தேடிப் பிடித்து அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். வெள்ளைச் சட்டை போட்டு நிற்கும் முதலாம் ஆண்டுப் படத்தைப் பார்த்த ஒரு பெண், அதை யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

குடியுரிமைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் தனி. 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்த திருமணச் சீர்திருத்தச் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட குடும்பங்கள் நம்மில் இன்னமும் உண்டு. பதிவு இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான். தாய் வெளிநாட்டுக்காரராக இருந்து, அவரும் போய்விட்டார் என்றால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்காரன்? பன்னிரண்டு வயதில் கூடப் படித்தவர்கள் எல்லாம் மைகார்டு வாங்கும்போது இவன் மட்டும் ஒதுங்கி நிற்பான். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். 21 வயதுக்குள் என்று இருந்த வரம்பை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. ஆகவே இப்படி ஒரு பிள்ளையை உங்களுக்குத் தெரிந்தால் பதினெட்டு வரை காத்திருக்காதீர்கள். பன்னிரண்டிலேயே, முடிந்தால் இன்னும் முன்னாலேயே, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு முறையான வேலை இல்லை, லைசென்ஸ் இல்லை, பேங்க் கணக்கு இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் தொடங்கவே தொடங்காது.

அடுத்தது வீட்டு வேலை. இல்லத்துப் பிள்ளைகளுக்கு வேலை தெரியாது என்று நினைக்காதீர்கள். நாற்பது பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்த பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் மாதம் தினமும் மிஞ்சியது. மார்க்கெட்டில் அவள் மீன் வாங்கியதே இல்லை, யாராவது கொண்டுவந்து இறக்குவார்கள். விலை கேட்பது, பேரம் பேசுவது, மின்கட்டண ரசீதைப் படிப்பது, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுப்பது, லார்கின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் வாங்குவது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நம் பின்னாலேயே நடந்து தெரிந்துகொண்டார்கள். அதனால் வகுப்பு எடுக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும்போது பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டால் போதும். பதினாறு வயதில் மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம். அந்தச் செலவை ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் பதிலாகக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையே கிடைக்கும்.

படிப்பு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எல்லாரையும் டிகிரிக்கே தள்ள வேண்டாம். படிக்கிற பிள்ளையைக் கட்டாயம் படிக்க வைக்க வேண்டும். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று எந்த வழியும் மூடப்படவில்லை, ஸ்கூடாயில் யூடிஎம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தங்க இடமும் சாப்பாடும் உடனே வேண்டிய பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி நல்ல வழி. ஐஎல்பி, ஐகேபிஎன் போன்ற அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் விடுதி வசதி உண்டு, மலேசியத் திறன் சான்றிதழும் கிடைக்கும். வெல்டிங், மின்சாரம், குளிர்சாதனம் என்று கையில் ஒரு தொழில் வந்துவிடும். கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்தும் ஷா ஆலாம் மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் பல பத்தாண்டுகளாக வசதி இல்லாத இளைஞர்களுக்கு இதைத்தான் செய்து வருகிறது. இதில் விண்ணப்ப நாள் தவறிவிடாமல் பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். எஸ்பிஎம் முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பள்ளி இல்லை, வேலை இல்லை, இல்லத்தில் இடமும் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லத்தை விட்டு வரும் பெண்ணுக்குக் கல்யாணம்தான் பாதுகாப்பு என்று அவசரப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. அந்தப் பெண்ணும், முதல் முதலாகத் தன்னிடம் அன்பாகப் பேசுகிறவனை நம்பி, அவன் வீட்டோடு போய் இருந்துவிடுகிறாள். அங்கே ஏதாவது தவறாகப் போனால் திரும்பி வர அவளுக்கு அம்மா வீடு இல்லை. புருஷன் வீட்டுக்கும் அது தெரியும் என்பதுதான் கொடுமை. இந்த இடத்தில் சட்டம் ஒரு வினோதமான நிலையில் நிற்கிறது. இல்லத்தை விட்டு வெளியேறும் வயது 18. ஆனால் முஸ்லிம் அல்லாதவர் 21 வயதுக்குள் திருமணம் செய்ய அப்பாவின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், அவர் இல்லாவிட்டால் அம்மாவின் சம்மதம். தனியாக வாடகை கட்டி வாழலாம், தேர்தலில் ஓட்டும் போடலாம், கல்யாணத்துக்கு மட்டும் பெற்றவர் கையெழுத்து. எங்கேயோ இருக்கும், பத்து வருஷமாகப் பார்க்காத அப்பாவைத் தேடி ஒரு பெண் அலைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த அலைச்சலில் ஒரு நன்மையும் நடந்தது. அவள் கல்யாணம் தள்ளிப் போயிற்று. அந்த இடைவெளியில் ஒரு சலூனில் தொழில் கற்றுக்கொண்டாள், சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கினாள். பிறகு, இருபத்திரண்டு வயதில், அதே பையனைத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் பெயர் போடும் இடத்தில் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது என் மனைவி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, எங்கள் பெயரைப் போடச் சொன்னாள். தாரை வார்க்க நாங்கள் இருவரும் நின்றோம். நண்பர் ஒருவர் தாய்மாமனாக வந்து மாலை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நம் சடங்குகளை வெறும் செலவு என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல அவற்றைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பண்டிகையும் அப்படித்தான். தீபாவளி வந்தால் ஃபாக்டரி ஹாஸ்டலில் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவார்கள். இந்தப் பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். அன்றைக்கு வேலை செய்தால் கூடுதல் சம்பளம் என்று சொல்லி ஷிப்டு எடுத்துக்கொள்வார்கள். பணத்துக்காக என்று நாமும் நம்பிவிடுவோம். "எண்ணெய் வைத்துக் குளிக்க வீட்டுக்கு வா" என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் தொந்தரவு என்று நினைத்து வரமாட்டார்கள்.

சொந்தக்காரர்கள் திடீரென்று வருவது இன்னொரு அத்தியாயம். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத பெரியம்மாவோ சித்தப்பாவோ, பிள்ளைக்கு முதல் சம்பளம் வந்ததும் வந்து நிற்பார்கள். சிலருக்கு உண்மையான பாசம் இருக்கும், வறுமையாலும் வெட்கத்தாலும் வராமல் இருந்திருப்பார்கள். சிலருக்குச் சம்பளம்தான் குறி. நாம் நடுவில் புகுந்து தடுக்கக் கூடாது. தன் இரத்தத்தைப் பார்க்கும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் இருக்கும். கேட்டால் கூடப் போங்கள், திரும்பி வரும் வழியில் பிள்ளை பேசினால் கேளுங்கள். பெற்ற தாயைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவனைத் திட்டி ஒரு பயனும் இல்லை.

இப்படி மனசு உடைந்து போகும் சமயத்தில் எங்கள் ஊரில் ஒரு தடை இருக்கிறது. தம்போயில் 1937-இலிருந்து இருக்கும் மனநல மருத்துவமனை, இப்போது பெர்மாய் மருத்துவமனை, ஊர் முழுக்க ஒரு பயத்தோடு பேசப்படுகிறது. அந்த வாசலுக்குள் போனவன் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பிள்ளைகள் நடுங்குகிறார்கள். சின்ன வயதில் அடி, பட்டினி, இன்னும் சொல்லக் கூடாத கொடுமைகளைப் பார்த்த பிள்ளைக்குத் தூக்கம் வராமல் இருப்பது நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரி இதற்கும் பார்க்கலாம் என்று நாம் சாதாரணமாகச் சொன்னால் பாதி பயம் போய்விடும். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

வெளிநாடுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறும் பதினெட்டு வயதினருக்குப் பண உதவி தரலாம் என்கிறது. பின்கவனிப்பு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எல்லா மாநிலத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டப் பிரிவாவது இருக்கிறது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு தரப்பும் விரும்பினால் வளர்ப்புக் குடும்பத்திலேயே 21 வரை தங்க வழி செய்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்கும் இளையோருக்கு 25 வயது வரை ஒரு தனி ஆலோசகரைத் தருகிறது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம் மாநிலங்கள் விரும்பினால் பராமரிப்பை 21 வரை நீட்டிக்க மத்திய அரசின் பணம் தருகிறது. நம் சிறார் சட்டத்திலும் 21 வரை பின்கவனிப்பு என்று ஒரு பிரிவு வர வேண்டும். இந்தியச் சமூகத்தின் பெயரால் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கும் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

சட்டம் வரும்வரை? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930-களின் தொடக்கம். தேவதாசிக் குடும்பத்து இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். கட்டடமும் நிதியும் பிறகுதான் வந்தன. நம் நாட்டிலும் பூச்சோங்கில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜத்தில் அன்னை மங்களம் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக இருந்தார். அந்த அளவுக்கு நம் எல்லாராலும் முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு, அவ்வளவு முடியும்.

தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாகச் செய்யாதீர்கள், கணவன் மனைவியாகவோ இரண்டு நண்பர்களாகவோ செய்யுங்கள். இல்லத் தலைவருக்குத் தெரியாமல் பிள்ளையைச் சந்திக்காதீர்கள். உங்களைப் பற்றி விசாரித்தால், போலீஸ் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்கிற இல்லம்தான் நல்ல இல்லம். கையில் பணமாகக் கொடுப்பதைவிட வாடகை முன்பணத்தை வீட்டுக்காரரிடமே கட்டிவிடலாம். முதல் ஆறு மாதம் பிள்ளை உங்களைச் சோதித்துப் பார்க்கும், சொன்ன நேரத்துக்கு வராது, போனை எடுக்காது. எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை அது. நீங்கள் மறுபடியும் கூப்பிடுங்கள். கோவிலுக்கு வா, சர்ச்சுக்கு வா என்று மதத்தை வைத்து நிபந்தனை போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் கதையை உங்கள் பேஸ்புக்கில் போடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முடியாது என்று தோன்றினால் தொடங்கவே வேண்டாம், பாதியில் விடுவது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அடி.

தம்போய், ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷத் தீபாவளிச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கிளம்பும் முன் இல்லத் தலைவரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: நான்காம் படிவத்தில் யார் இருக்கிறார்கள்? எந்த இல்லம் பதிவு பெற்றது என்று தெரியாவிட்டால் மாவட்டச் சமூக நல இலாகாவில் கேட்கலாம். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றித் தெரிந்தால் தாலியான் காசே உதவி எண் 15999-ஐ அழையுங்கள். நான்காம் படிவத்துப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது, இப்போதே போய்ப் பேசுங்கள்.